முன்ன படம், பின்ன படம்

என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பல வருஷம் டிரில் பிடித்த கை, எழுதும்போதும் கொஞ்சம் அதிரும். எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். காப்பார் பக்கம் ஒரு தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். எங்கே பெரிய ற வரும், எங்கே சின்ன ர வரும் என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயம் இல்லை. முன்பெல்லாம் ஒரு ரசீது எழுதினால்கூட என் மனைவி வாங்கிப் பார்த்துத் திருத்திக் கொடுப்பாள். இதைத் திருத்த ஆள் இல்லை. தப்பு கண்ணில் பட்டால் நீங்களே சரியாக வைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

நான் லீக்கிங் வேலை செய்கிறவன். மேல்வீட்டுக் குளியலறைத் தண்ணீர் கீழ்வீட்டு சீலிங்கில் இறங்கும். பால்கனித் தரை விரிசல் விடும். காண்டோ மாடித் தொட்டி கசிந்து லிஃப்ட் பக்கம் சொட்டும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பிடித்து அடைப்பது என் வேலை. வீடு கிள்ளானில். ஷா ஆலம், சுபாங், பிரிக்பீல்ட்ஸ் என்று கூப்பிட்ட இடத்துக்குப் போவேன்.

இந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. நன்றாக முடித்துவிட்டால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. டைல்ஸ் போடுகிறவன் டைல்ஸைக் காட்டலாம். கிரில் அடிக்கிறவன் கிரில்லைக் காட்டலாம். நான் ஒரு வெள்ளைச் சுவரைக் காட்டி, இதோ ஈரம் இல்லை, இதுதான் என் வேலை என்றால் யார் நம்புவார்கள்? அதனால் வேலை தொடங்கும் முன் ஒரு படம், முடித்த பிறகு ஒரு படம் எடுத்து வைக்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நடுவில் ஒருவன் உழைத்திருக்கிறான் என்பது தெரியும்.

ஆரம்பத்தில் எல்லாப் படங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக வாட்ஸ்ஆப்பில் தட்டிவிடுவேன். சுபாங்கில் ஒரு காண்டோ மேனேஜர் ஒரு நாள் போன் பண்ணினார். "என்ன அண்ணே, கல்யாண ஆல்பமா அனுப்புறீங்க? என் போனே நின்னுபோச்சு லா. எல்லாத்தையும் ஒரே பிடிஎஃப்பா ஆக்கி அனுப்புங்க. கமிட்டிக்கு நான் காட்டணும்" என்றார். பிடிஎஃப் என்றால் என்ன என்று கேட்க எனக்கு வெட்கம். சரி பாஸ் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் என்னைவிடப் படித்தவள், இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் பாரம் வரை போனவள். கையுறை ஃபேக்டரியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்து, பிறகு அதை விட்டவள். என் வேலைக்கு வரும் போன் எல்லாம் அவள்தான் எடுப்பாள். மலாய், இங்கிலீஷ், கொஞ்சம் சீனம், எதில் வேண்டுமானாலும் சமாளிப்பாள். நான் வாயைத் திறக்கத் தயங்குகிற ஆள் என்பதால் எங்கள் வீட்டுப் பேச்சில் என் பங்கையும் அவளே பேசிவிடுவாள். பிடிஎஃப் என்றதும் போனில் ஏதோ வீடியோவைப் போட்டுப் பார்த்தாள். சோறு வேகும் நேரத்துக்குள் கற்றுக்கொண்டாள். படங்களை வரிசையாகத் தொட வேண்டும், தொட்ட வரிசைப்படி ஒவ்வொரு பக்கமாகச் சேர்ந்து ஒரே ஃபைலாகிவிடும், அவ்வளவுதான் என்றாள். அந்த வேலைக்கு அவள் வைத்த பெயர் கோர்க்கிறது. "சுபாங் வேலையைக் கோர்த்தாச்சு, அனுப்பிடவா?" என்பாள். பிடிஎஃப் என்ற சொல்லை நாங்கள் வீட்டில் சொன்னதே இல்லை.

ஈரச் சுவரும் காய்ந்த சுவரும் போன் திரையில் சில சமயம் ஒரே மாதிரி இருக்கும். வேலை செய்த எனக்குத்தான் வித்தியாசம் தெரியும். அதனால் ஒவ்வொரு படத்தையும் என் முகத்துக்கு முன்னால் நீட்டி, "இது முன்னவா, பின்னவா?" என்று கேட்பாள். நான் சொல்லச் சொல்லத் தொடுவாள். படத்துக்கு அடியில், முன், பின் என்பதற்கு மலாயில் செபெலும், செலெப்பாஸ் என்று அடித்து வைப்பாள்.

இதில் எங்களுக்குள் ஒரு விளையாட்டு இருந்தது. அவளுக்கு எதற்கெடுத்தாலும் 'பின்ன' என்று சொல்கிற பழக்கம். சாப்பிட்டியா என்று கேட்டால், "பின்ன, உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருப்பாங்களா?" பணம் கட்டிட்டியா என்றால், "பின்ன?" அந்தச் சொல்லை ஒரு மாதிரி மேலே தூக்கிச் சொல்லுவாள். இதுகூடத் தெரியாதா என்பது போல இருக்கும். கூடவே இருந்து இருந்து எனக்கும் அது தொற்றிவிட்டது. படத்தைக் காட்டி முன்னவா பின்னவா என்று அவள் கேட்கும்போது நான் 'பின்ன' என்றால், வேண்டுமென்றே விரலை நிறுத்திவிட்டுக் கேட்பாள்: "பின்னன்னா பின்ன படமா, இல்ல, பின்ன என்னங்கிற பின்னவா? சரியாச் சொல்லுங்க, நான் ஒரு மரமண்டைகிட்ட மாட்டிக்கிட்டேன்." நான் சிரித்துவிடுவேன். வெளியில் நான் சிரித்து யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அவளுக்கு ஸ்ட்ரோக் வந்தது போன வருஷம், ஒரு சனிக்கிழமை காலையில். காய்கறி வாங்கப் பசார் போகப் பையை எடுத்தவள் கையிலிருந்து பை நழுவியது. குனிந்து எடுக்கப் போனாள், எழவில்லை. ஆஸ்பத்திரியில் நாட்கள் போயின. வலது கை, வலது கால் வரவில்லை. வாயும் வரவில்லை. இடது பக்க மூளையில் அடி, பேச்சு அங்கேதான் இருக்கிறது என்று டாக்டர் எனக்காக மெதுவாக மலாயில் சொன்னார்.

வீட்டுக்குக் கூட்டி வந்தேன். வேலையைக் குறைத்துக்கொண்டேன். நான் வெளியே போகும் நேரத்தில் பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா வந்து கூட உட்கார்ந்திருப்பார். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூக்கி உட்கார வைப்பது எல்லாம் பழகிவிட்டது. சத்தம் இல்லாத வீடு மட்டும் பழகவில்லை. பேச்சு முழுவதையும் அவளிடமே கொடுத்து வைத்திருந்தேன். அவளிடம் அது போய்விட்டது, எனக்கு எப்போதுமே இருந்ததில்லை. இரண்டு பேரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

ஒரு நாள் காலையில் கஞ்சியை வாயருகே கொண்டுபோய், சூடா இருக்கா என்று சும்மா கேட்டேன்.

"பின்ன."

கரண்டி என் கையிலேயே நின்றது. அதே குரல். அதே மாதிரி மேலே தூக்கி. இதுகூடத் தெரியாதா என்று கேட்கிற அதே 'பின்ன'. நான் கரண்டியை வைத்துவிட்டு வெளியே போய் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்து, பசிக்குதா என்றேன். பின்ன. காத்தாடி வேகத்தைக் கூட்டட்டுமா? பின்ன. என்னைப் பார்த்துத்தான் சொன்னாள், கண்ணைப் பார்த்து. கூப்பிட வேண்டியவர்களுக்கெல்லாம் கூப்பிட்டேன். வாழ்க்கையில் அன்றைக்குத்தான் அத்தனை போன் நானாகப் பண்ணியிருப்பேன். காப்பாரில் இருக்கும் அவள் தங்கச்சி போனிலேயே அழுதுவிட்டது. அக்கா பேசுது, அக்கா பேசுது என்று அங்கே யாரிடமோ கத்துவது எனக்குக் கேட்டது.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் மலாய்க்காரப் பிள்ளை, சின்ன வயசு. அவளுக்குத் தமிழ் தெரியாது. 'பின்ன' என்றால் என்ன அர்த்தம் என்று என்னிடம் கேட்டாள். நான் யோசித்து, 'யா லா' என்றேன். ஆமாம்தானே, அப்படித்தானே என்பதற்கு மலாயில் எனக்குத் தெரிந்தது அதுதான். அவள் முகம் மலர்ந்தது. பல கேள்விகள் கேட்டாள், நான் தமிழில் மாற்றிச் சொன்னேன். இது உங்கள் கணவரா? பின்ன. இப்போது பகலா? பின்ன. நீங்கள் இருப்பது கிள்ளானா? பின்ன. எல்லாவற்றுக்கும் யா லா, யா லா என்று நான் சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொண்டாள். வீட்டில், இல்லை என்று பதில் வரவேண்டிய கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள் என்றாள். பழகின வேலை ஏதாவது இருந்தால் கையில் கொடுங்கள், அது மூளையைத் தட்டி எழுப்பும் என்றும் சொன்னாள். அவள் சொன்ன முதல் விஷயத்தை நான் செய்யவில்லை. ஏன் என்று அப்போது கேட்டிருந்தால் மறந்துவிட்டது என்றுதான் சொல்லியிருப்பேன். இரண்டாவதைச் செய்தேன்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய காண்டோ. அங்கே ஆபீஸில் இருக்கும் பெண் நம் ஆள், என் மனைவியோடு போனில் பேசிப் பேசிப் பழக்கமானவர், ஸ்ட்ரோக் வந்ததும் அவருக்குத் தெரியும். பார்க்கிங்கில் தண்ணீர் சொட்டி கார்களின் பெயிண்டைக் கெடுக்கிறது, கமிட்டி ஆள் தேடுகிறது, நீங்கள் முன்பு செய்த வேலைகளை ஒரே ஃபைலாகக் கொண்டுவந்து காட்டுங்கள் என்று கூப்பிட்டிருந்தார். நேரில் நின்று விளக்க வேண்டும் என்றும் சொன்னார். நின்று பேசுவது எனக்கு வராது. ஆனால் கோர்க்க வேண்டும் என்றதும் வேறு ஒரு நினைப்பு வந்தது. இதை அவள் செய்யட்டும். செய்துவிட்டால், உள்ளே அவள் இருக்கிறாள் என்று ஆகிவிடும். வேலை கிடைப்பது கிடைக்காதது அப்போது என் மனசிலேயே இல்லை.

சாயங்காலம் அவளை நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து, பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். வழக்கமாகத் தரையில் உட்காருவது அவள். போனைத் திறந்து, இருப்பதிலேயே நல்ல வேலைகளின் படங்களை எடுத்தேன். கறுப்பாகப் பூஞ்சை பிடித்துச் சொட்டுகிற ஒரு சீலிங். அதை அவள் முகத்துக்கு முன்னால் பிடித்துக் கேட்டேன்.

"இது முன்னவா, பின்னவா?"

"பின்ன."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது முன்ன படம்தான். கண் தெரியாதவன்கூடச் சொல்லுவான். சரி, இருக்கட்டும் என்று அதை ஒதுக்கிவிட்டு, அதே சீலிங் காய்ந்து வெள்ளையாக இருக்கும் படத்தைக் காட்டினேன். இதையா முதல்ல வைக்கணும் என்று கேட்டேன். "பின்ன" என்றாள், இடது கையால் போனை லேசாகத் தள்ளினாள். அந்தத் தள்ளலில்தான் நான் விழுந்தேன். என் மரமண்டைக்குப் புரியாத விஷயம் எதையும் அவள் அப்படித்தான் தள்ளிக் காட்டுவாள்.

நான் யோசித்தேன். முதலில் அழகானதைக் காட்டு, பிறகு அது எப்படி இருந்தது என்று காட்டு என்கிறாளோ? கடைக்காரர்கள் நல்ல பழத்தை மேலே வைப்பதில்லையா? இத்தனை நாளும் படுத்துக்கொண்டே இதைத்தான் யோசித்திருப்பாளோ? எனக்கு வேண்டியிருந்தது, அதனால் காரணம் தானாக வந்தது. அடுத்த வேலைக்கும் அப்படியே கேட்டேன். ஈரப் படத்தைக் காட்டி முன்னவா பின்னவா என்றும், காய்ந்த படத்தைக் காட்டி இதையா முதல்ல என்றும் கேட்டேன். அவள் ஒரே சொல்லைச் சொன்னாள். நான் அவள் சொன்னபடியே தொட்டேன். காய்ந்த சுவருக்கு அடுத்து ஈரச் சுவர். நல்ல பால்கனிக்கு அடுத்து வெடித்த பால்கனி. எல்லா வேலையும் அப்படியே சேர்ந்தது. அடியில் செபெலும், செலெப்பாஸ் என்று அடிக்க எனக்குத் தெரியாததால் அதை விட்டுவிட்டேன். கோர்த்தாச்சு என்று அவளிடம் சொன்னேன். கன்னத்தைத் தடவினேன். தங்கச்சி அன்றைக்குக் கூப்பிட்டபோது, உங்க அக்கா வேலையே ஆரம்பிச்சிடுச்சு என்று பெருமையாகச் சொன்னேன்.

பிரிக்பீல்ட்ஸில் வேன் நிறுத்த இடம் கிடைக்காது. கொமுட்டர் ரயிலில் போனேன். இஸ்திரி போட்ட சட்டை. ரயிலில் போனைத் திறந்து திறந்து அந்த ஃபைலைப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க அவள் செய்தது சரி என்றே தோன்றியது.

மீட்டிங் அறையில் கமிட்டி ஆட்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஆபீஸ் பெண் என் ஃபைலைச் சுவரில் இருந்த பெரிய டிவியில் போட்டார். முதல் பக்கம், பளிச்சென்று வெள்ளை சீலிங். நல்லா இருக்கு என்றார் ஒருவர். அடுத்த பக்கம், அதே சீலிங், கறுத்து, ஊறி, பெயிண்ட் தோலாக உரிந்து தொங்கியது. அதற்கடுத்து நல்ல பால்கனி. அதற்கடுத்து அது வெடித்துக் கிடந்தது. மேசை ஓரத்தில் ரிட்டையராகி வீட்டில் இருக்கும் ஒரு தமிழர், வயதானவர், கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"தம்பி, நாங்க லீக்கை நிறுத்துற ஆளைத் தேடுறோம். நீங்க நல்லா இருக்கிற வீட்டுக்குப் போய் லீக் வர வைக்கிறீங்களே."

தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். சீனர் ஒருவர் என்ன என்று கேட்டு, மாற்றிச் சொன்னதும் அவரும் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. பெரியவர் தமாஷாகத்தான் சொன்னார், நான் பதில் சொல்வதற்கு இடம் விட்டுத்தான் சொன்னார். வரிசை மாறிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆபீஸ் பெண்கூட, "அண்ணே, மாறிப்போச்சு போல. நான் சொல்லட்டுமா?" என்று என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார். நான் தலையை ஆட்டவில்லை. மாறிப்போச்சு என்று சொன்னால் அவள் மாற்றினாள் என்று ஆகும். அதை அந்த மேசைக்கு முன்னால் என்னால் சொல்ல முடியவில்லை. திரையில் ஒரு வீடு மாற்றி ஒரு வீடு கெட்டுக்கொண்டே போனது. நான் சட்டைப் பையில் இருந்த பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில், தேங்க்யூ பாஸ் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

ஆபீஸ் பெண் பின்னாலேயே லிஃப்ட் வரைக்கும் வந்தார். என்னண்ணே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றார். அவருக்கு என் மேல் கோபம் இல்லை, வருத்தம்தான். யார் இதைச் செய்தது என்று கேட்டார். சம்சாரம்தான் என்றேன். அவர் முகம் அப்படியே மாறியது. அக்கா இப்ப பேசுறாங்களா, எழுந்து உட்காருறாங்களா என்று சந்தோஷமாகக் கேட்டார். பேசுது என்றேன். படத்தைக் காட்டி முன்னவா பின்னவா என்று நான் கேட்டதையும், அது பின்ன என்று சொன்னதையும், காய்ந்த படத்தை முதலில் வைக்கச் சொன்னதையும், எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்கு நான் பேசினதே அந்த லிஃப்ட்டுக்கு முன்னால்தான். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். லிஃப்ட் வந்து திறந்து மூடிப் போனது.

"அண்ணே," என்றார். "எல்லாப் படத்துக்கும் அக்கா பின்னன்னுதான் சொன்னாங்களா?"

"பின்ன?"

என் வாயிலிருந்துதான் வந்தது. அவளுடைய மாதிரியே, மேலே தூக்கி. யோசித்துச் சொல்லவில்லை. கேள்வி முடிந்தது, அது தானாக வந்து விழுந்தது. விழுந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அந்தப் பெண் தரையைப் பார்த்தார். நான் லிஃப்ட் பட்டனை அழுத்தினேன். எரிந்துகொண்டிருந்த பட்டனையே மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டிருந்தேன்.

ரயிலில் உட்கார இடம் இருந்தது, உட்காரவில்லை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு கேள்வி ஞாபகம் வந்தது. கஞ்சி சூடா என்று கேட்டேன். சூடு இல்லையா என்று கேட்டிருந்தால்? இது உங்கள் கணவரா என்று கேட்டாள் அந்தப் பிள்ளை. இது உங்கள் அண்ணனா என்று கேட்டிருந்தால்? இத்தனை நாளும் ஆமாம் என்று பதில் வர வேண்டிய கேள்விகளாகப் பொறுக்கிப் பொறுக்கிக் கேட்டிருக்கிறேன். பேசத் தெரியாதவன் என்று என்னைச் சொல்லுவார்கள். இதை மட்டும் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் பேசியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டு அக்கா, நல்லா சாப்பிட்டாங்க என்று சொல்லிவிட்டுப் போனார். வெளியே நல்ல வெயில். நான் சட்டையைக்கூட மாற்றவில்லை. அவள் எதிரில் உட்கார்ந்து, வெளியே மழை பெய்யுதா என்று கேட்டேன்.

பின்ன.

நீ இன்னைக்கு பத்துமலைக் கோயில் படி ஏறிட்டு வந்தியா?

பின்ன.

இவ்வளவு போதும் என்று எழுந்திருக்க வேண்டியவன்தான். எழுந்திருக்கவில்லை. எங்களுக்குக் குழந்தை இல்லை. அதை யார் பேசினாலும், அவள் தங்கச்சியே பேசினாலும், எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். அதற்குப் பிறகு அன்றைக்கு முழுக்க முகம் கொடுக்க மாட்டாள். இத்தனை வருஷத்தில் நான் ஒரு தடவைகூட அந்தப் பேச்சை எடுத்ததில்லை. அவள் இருந்தால் இதற்கு முகம் திரும்பும், கையாவது தள்ளும் என்று நினைத்தேன்.

"நமக்குப் பிள்ளைங்க அஞ்சு பேர்தானே?"

"பின்ன," என்று சொல்லிச் சிரித்தாள்.

நல்ல சிரிப்பு. பழைய சிரிப்பு. என்னைப் பார்த்துத்தான் சிரித்தாள். நான் அவள் வாயோரத்தைத் துடைத்துவிட்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அந்த மலாய்ப் பிள்ளையிடம், நான் அன்றைக்குச் சொன்ன அர்த்தம் முழுசா இல்லை என்று சொன்னேன். அந்தச் சொல்லுக்குப் பிறகு என்றும் அர்த்தம் உண்டு, அதற்கப்புறம் என்றும் உண்டு, ஆமாம் என்றும் உண்டு, கோபத்தில் ஒன்று, கிண்டலில் ஒன்று, எதற்கு வேண்டுமானாலும் வரும் என்று என் அரைகுறை மலாயில் விளக்கினேன். அவளே சில கேள்விகள் கேட்டுப் பார்த்தாள், இல்லை என்று வர வேண்டிய கேள்விகள். முன்பு எழுதினதை நீளமாகக் கோடு போட்டு அடித்தாள். இந்த நோயில் சிலருக்கு ஒரு சொல் மட்டும் மிஞ்சும், அதிகம் சொல்லிப் பழகின சொல், அர்த்தம் போய்விடும், ராகம் மட்டும் நிற்கும் என்றாள். மரியாதையாக, மன்னிக்கணும் என்சிக் என்றாள். அவள் ஏன் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள் என்று தெரியவில்லை. மொழி தெரியாத பிள்ளைக்குத் தப்பாகச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

பிரிக்பீல்ட்ஸ் வேலை வேறு ஆளுக்குப் போனது. ஆபீஸ் பெண் தானே வரிசையைச் சரி செய்து எனக்கு அனுப்பியிருந்தார், அடுத்த இடத்தில் காட்டுங்கள் அண்ணே என்று. ஈரம் முதலில், காய்ந்தது பிறகு. பார்க்க ரொம்பச் சரியாக இருந்தது. நான் அதை யாருக்கும் அனுப்பவில்லை. இப்போது ஒரு காண்ட்ராக்டருக்குக் கீழே நாள் கூலிக்குப் போகிறேன். படம் எடுப்பது, கோர்ப்பது, நின்று பேசுவது எல்லாம் அவர் ஆட்கள் பார்த்துக்கொள்கிறார்கள். என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

அவள் தங்கச்சிக்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை. தினம் சாயங்காலம் கூப்பிடும். அதற்கு வீட்டுக்காரரோடு சரியில்லை. அடிப்பதில்லை, ஆனால் மாதக் கணக்கில் பேச மாட்டாராம். அதை வெளியே யாரிடமும் சொல்ல முடியாது, அக்காவிடம்தான் சொல்லும். நான் போனை அவள் காதில் வைத்துப் பிடித்துக்கொள்வேன். அந்தப் பக்கத்திலிருந்து தங்கச்சி பேசுவது எனக்கும் கேட்கும். நான் என்ன அக்கா தப்பு பண்ணேன், நான் ஒரு மனுஷிதானே என்று கேட்கும். இவள் சரியாக அந்த இடத்தில் 'பின்ன' என்பாள். அந்தப் பக்கம் அழுகை நின்று மூக்கைச் சிந்துகிற சத்தம் வரும்.

போன வாரம் பேசி முடித்துவிட்டு, போனை மச்சான்கிட்டக் குடு என்றது. "மச்சான், அக்காகிட்டப் பேசினாத்தான் எனக்கு மூச்சே வருது. அதுக்கு எல்லாம் புரியுது மச்சான். நீங்க கைவிட்டுடாதீங்க" என்றது. நான், சரிம்மா என்றேன். அதற்கு மேல் சொல்ல வாயெடுத்தேன். மழை பெய்யுதா என்று கேட்டதையும், பிள்ளைங்க அஞ்சு பேரா என்று கேட்டதையும் சொல்லிவிடலாம் என்று இருந்தது. சொன்னால், அந்தப் பக்கத்திலும் ஒரு வீடு சத்தம் இல்லாமல் போகும். நாளைக்கும் கூப்பிடும்மா என்று மட்டும் சொன்னேன்.

இன்றைக்கும் கூப்பிட்டது. காதில் வைத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை அதிராமல் இருக்க முழங்கையை நாற்காலிக் கையில் ஊன்றிக்கொண்டேன். தங்கச்சி ரொம்ப நேரம் பேசியது. இவள் கேட்டுக்கொண்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேசி முடிந்த பிறகு அவளைப் படுக்க வைத்துவிட்டு வந்து இதை எழுதினேன்.

கிள்ளான், 2025 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை.